பதினொன்றேகாலுக்கு விழிக்கும் கம்ப்யூட்டர்

இரும்புலியூரில் மெஹர் பானு வீடு எது என்று விசாரித்தால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கம்ப்யூட்டர் பானு என்று கேட்டுப் பாருங்கள், பால் பூத்காரர்கூட வழி சொல்லிவிடுவார். கறுப்பு புர்கா, தோளில் மகள் ஷாயிஸ்தா ஆறாம் வகுப்போடு கழித்துப்போட்ட ஸ்கூல் பை. பைக்குள் நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், பழைய ராம் சிப் இரண்டு, ஒரு பெயின்ட் பிரஷ். பிரஷ் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஒருநாள் திறந்து பார்க்கட்டும். உள்ளே இருக்கிற தூசியில் ஒரு தலையணை தைக்கலாம்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே வேடிக்கை. புருஷன் ஜாபருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை. தொண்ணூற்றொன்பதில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்தபோது இவரும் ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் ஹார்டுவேர் கோர்ஸுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் "எனக்கு இதுல தூக்கம்தான் வருது" என்று திரும்பி வந்துவிட்டார். கட்டிய பணம் திரும்ப வராது என்று இன்ஸ்டிட்யூட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வீணாகப் போவானேன் என்று பானு போய் உட்கார்ந்தாள். முப்பது பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். கோர்ஸ் முடிகிறபோது அந்த முப்பது பேரில் பாதிப் பேர் அவளிடம்தான் சந்தேகம் கேட்டார்கள்.

கையில் காசில்லாதவர்களின் கம்ப்யூட்டர்தான் அவளுக்கு வாய்த்தது. புதுசு வாங்க முடியாது, பழசைத் தூக்கிப் போடவும் மனசு வராது, அந்தச் சாதி. பகலில் பெண்கள் தனியாக இருக்கிற வீடுகளில் பானு என்றால் தைரியமாகக் கதவைத் திறந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் மூடியைக் கழற்றுவாள். கழற்றுவதற்கு முன்னால் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து இரண்டு நிமிஷம் கேட்பாள். ஃபேன் இழுக்கிறதா, டிஸ்க் முனகுகிறதா என்று சத்தத்திலேயே பாதி வியாதி அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது மேல் அவளுக்கு ரொம்பவே கர்வம். கர்வப்படுகிற இடத்தில்தான் மனுஷர் வழுக்குவது, அவள் மட்டும் தப்புவாளா?

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் ஜெயசீலி கூப்பிட்டு அனுப்பினாள். நாலு தெரு தள்ளி, ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் கேட்கிற வீடு. ஜெயசீலிக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். குரோம்பேட்டை இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுப்பாள். அதுதான் அவளுக்குச் சோறு. புருஷன் எலியேசர் இருந்தபோது வாங்கிய பெட்டி, ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இப்போது பென் டிரைவோடு வந்தார்கள். பெட்டி அதைச் சட்டையே செய்யவில்லை.

"அக்கா, இதுல அறுபத்திநாலு எம்பிதான் இருக்கு. ராம் மட்டும் போட்டா ஆகாது. மதர்போர்டே மாத்தணும். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா நாலாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருவேன்" என்றாள் பானு.

"செய்ம்மா. ஆனா இன்னொண்ணு இருக்கு. சிரிக்கக் கூடாது" என்றாள் ஜெயசீலி.

அவள் சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒன்பது மணி ஆராதனைக்குப் போவாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு சின்னக் கட்டம். அதில் பயனர் பெயர் எலியேசர் என்று இருக்கும். அதற்குக் கீழே பாஸ்வேர்டு கேட்டு ஒரு கோடு மின்னி மின்னி நிற்கும். அது அவர் வைத்த பெயர்தான், அவள் மாற்றவே இல்லை. நவம்பரில் பெட்டிக்குள் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோய் யாரோ ஒரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தான். அதிலிருந்து இப்படி. எல்லா ஞாயிறும் இல்லை. ஆனால் ஆனபோதெல்லாம் ஞாயிறுதான்.

"பிளக்கைப் பிடுங்கிட்டுப் போறதுதானே?"

"ஒரு வாரம் பிடுங்கிட்டுப் போனேன். சர்ச்சில உக்கார முடியல பானு. பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து ஓடி வந்து மறுபடி மாட்டிட்டேன்."

"ஏன்க்கா?"

"அவர் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா?"

எலியேசர் கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, லுங்கியோடு பேப்பர் வாங்கப் போன மனுஷன் திரும்பவில்லை. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். பேப்பரில் போட்டோவும் வீட்டு நம்பரும் போட்டு விளம்பரம் கொடுத்தாள். அப்புறம் வந்த போன்களைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். வேலூரில் பார்த்தேன், குண்டூரில் பார்த்தேன், பணம் அனுப்பு என்று ஏகப்பட்ட பேர். ஒருத்தன் தினமும் மத்தியானம் கூப்பிட்டுச் சிரிப்பான், அவ்வளவுதான். நாசமாய்ப் போகிறவர்கள். ஒருநாள் ஜெயசீலி போனைப் பிடுங்கிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டு, செல் வாங்கிக்கொண்டாள். லைனை மட்டும் ஒப்படைக்க முடியவில்லை. அது எலியேசர் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள்? பில்லை மட்டும் கட்டிக்கொண்டே வந்தாள். இன்டர்நெட்டுக்காக அவர் மாட்டிய போன் ஒயர் மட்டும் கம்ப்யூட்டரின் முதுகில் அப்படியே கிடந்தது.

"நாத்தனார் வந்து நினைவு ஜெபம் வைக்கச் சொல்றாங்க. நாலு வருஷம் ஆச்சாம், இனிமே என்னன்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் பானு. அவர் இருக்காரா, இல்லையா. இருந்தா சொல்லிட்டு வந்திருப்பார். இப்படிப் பூட்டின வீட்டுக்குள்ள வர்றதுன்னா" என்றவள் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

பானு வீட்டுக்கு வந்து ஜாபரிடம் சொன்னாள். அவர் பிறந்து வளர்ந்தது ராயபுரம், பேச்சும் அங்கேயே தங்கிவிட்டது.

"பூட்டுன வூட்டுக்குள்ள பூந்து வர்றவன் இன்னாத்துக்குப் பாஸ்வேர்டு கேட்டுகினு நிக்கிறான்? போய் ஸ்விட்சைப் பாரு, போ."

பார்த்தாள். பவர் சப்ளையை மாற்றினாள். முன்பக்க ஸ்விட்ச் ஒட்டிக்கொள்கிறதோ என்று அதையும் மாற்றினாள். அடுத்த ஞாயிறும் எலியேசர் பெயர் திரையில் வந்து நின்றது. பானுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு ஜெயசீலியை சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, அந்த வீட்டில் தானே காவல் உட்கார்ந்தாள்.

பட்டப்பகல். ஜன்னலில் வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் போட்டது, மேடவாக்கத்துக்குப் போகிற தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பயப்பட ஒன்றுமே இல்லை. பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. அணைந்த திரையில் பானுவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்குப் பெட்டிக்குள் 'டக்' என்றது. ஃபேன் சுழல ஆரம்பித்தது. ஒரு கீச்சுச் சத்தம், மானிட்டர் படபடவென்று பொரிந்து வெளிச்சம் வந்தது. ஸ்விட்சுக்கும் அவளுக்கும் நாலடி தூரம். வீட்டில் வேறு ஈ, எறும்புகூடக் கிடையாது.

"யாரு?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது தன் குரல்தான் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. வாய் தன்பாட்டில் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓத ஆரம்பித்தது. ஓதிக்கொண்டே பெட்டியில் போய்க் காதை வைத்தாள்.

உள்ளே மெலிதாக ஒரு சத்தம். டிக்டிக். கொஞ்சம் விட்டு, மறுபடி டிக்டிக். யாரோ உள்ளிருந்து நகத்தால் தட்டுகிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு தடவை தட்டிவிட்டு நின்றது. திரையில் எலியேசர் பெயர் வந்தது, கோடு மின்னியது. பானு மூச்சு விட்டாள். டிஸ்க் சாகப் போகிறது. சாகிற டிஸ்க் இப்படித்தான் தட்டும், அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்? போர்டும் கிழடு, டிஸ்கும் கிழடு, எங்கேயோ ஷார்ட் ஆகிறது. பேயாவது பிசாசாவது.

மறுநாளே ரயிலேறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனாள். பழைய போர்டை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, செகண்ட் ஹேண்டில் பென்டியம் ஃபோர் போர்டும் ராமும் டிஸ்கும் எடுத்து வந்தாள். ஃபைல்களை ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்தாள். எக்ஸ்பி ஓடியது, பென் டிரைவ் போட்டால் உடனே திறந்தது. ஜெயசீலி பெயரிலேயே புதுக் கணக்கு. இன்டர்நெட்டுக்கான பழைய மோடம் கார்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ள ஆளில்லை. அது பானு வீட்டு பிஸ்கட் டின்னில் மற்ற குப்பைகளோடு சேர்ந்தது.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் செத்த பிணமாய்க் கிடந்தது. பானு தெருவில் நிமிர்ந்து நடந்தாள். நாலாவது திங்கட்கிழமை காலையில் ஜெயசீலி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு மாசத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"பழையபடி ஆக்கிக் குடு பானு."

"என்னக்கா பேசறீங்க? நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுது. அவர்தான் வரமாட்டேங்கறார். நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்னு நினைச்சிருப்பார்."

பானுவுக்கு எரிச்சலாக வந்தது. பாடுபட்டுச் சரிசெய்ததைக் கெடுத்துக் கொடு என்று கேட்டால் யாருக்குத்தான் வராது? "அக்கா, அது டிஸ்கு. நான் என் காதால கேட்டேன். டிக்டிக், டிக்டிக்னு..."

அந்த நேரம் பார்த்து உள்ளே பானு வீட்டுப் போன் அடித்தது. இரண்டு மணி, ஒரு இடைவெளி. இரண்டு மணி, ஒரு இடைவெளி.

பானு வாயைத் திறந்தபடி நின்றாள். ஷாயிஸ்தா ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பேசிக்கூட முடித்துவிட்டாள். பானு உள்ளே ஓடினாள். விறுவிறுவென்று பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்து மோடம் கார்டை எடுத்தாள். போன் ஒயர் மாட்டுகிற ஓட்டையைப் பார்த்தாள். தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உக்காருங்க. போன் மணி அடிச்சா மோடம் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். போர்டுல அதுக்குன்னு ஒரு செட்டிங் உண்டு. பேட்டரி மாத்தினப்ப எல்லா செட்டிங்கும் மொதல்லேர்ந்து வந்திருக்கும், அப்ப இதுவும் ஆன் ஆகியிருக்கு. நான் கேட்டது டிஸ்கு இல்ல. மோடத்துக்குள்ள இருக்கற ரிலேங்கற சின்ன ஸ்விட்ச் தட்டின சத்தம். பாவி நான், சத்தத்தைக் கேட்டேன், அது என்னன்னு யோசிக்கல."

"எனக்குப் புரியல."

"யாரோ உங்க வீட்டுக்குப் போன் பண்றாங்கக்கா. ஞாயித்துக்கிழமை, நீங்க இல்லாத நேரமாப் பாத்து. நவம்பர்லேர்ந்துதான் நமக்குத் தெரியுது. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமாப் பண்ணிட்டிருக்காங்களோ."

ஜெயசீலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "செத்தவங்க போன் பண்ண மாட்டாங்க இல்ல?" என்று குழந்தை மாதிரிக் கேட்டாள்.

அந்த வாரம் ஞாயிறு காலை பானு தன் வீட்டுப் போனையே கழற்றி எடுத்துக்கொண்டு போய் அந்த ஒயரில் மாட்டினாள். எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் வந்தது. ஜெயசீலி சர்ச்சுக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, மெரூன் கலர் புடவை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறவள்போல. இரண்டு பேரும் போனுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். காப்பி ஆறிப் போனது. பதினொன்றேகால் ஆனது. கடந்தது. ஜெயசீலியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பதினொன்று பதினேழுக்குப் போன் அடித்தது.

அந்த வீட்டில் வருஷக்கணக்காகக் கேட்காத சத்தம். சுவரெல்லாம் அதிர்ந்த மாதிரி இருந்தது பானுவுக்கு. எட்டு தடவை அடிக்கிறவரை ஜெயசீலியால் கையைத் தூக்க முடியவில்லை. ஒன்பதாவதில் எடுத்தாள். எடுத்தவள் ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கமும் யாரும் சொல்லவில்லை. பானு குனிந்து, ரிசீவரின் மறுபுறத்தில் தன் காதையும் வைத்தாள்.

ஒரு மூச்சு கேட்டது. அதற்கும் பின்னால் ரொம்ப தூரத்தில் ஏதோ பஸ் ஸ்டாண்டு இரைச்சல். மூச்சு சட்டென்று நின்று, மறுபடி வந்தது. அப்புறம் ஒரு ஆண் குரல், கூடத்திலிருந்து அடுப்பங்கரையைப் பார்த்துக் கேட்கிறவர்போல, சாதாரணமாகக் கேட்டது.

"இன்னிக்கு சர்ச்சுக்குப் போகலையா?"

லைன் கட்டாகிவிட்டது.

"போகலீங்க" என்றாள் ஜெயசீலி, வெறும் டோனிடம். இன்னொரு தடவையும் சொன்னாள். பானுதான் ரிசீவரை அவள் கையிலிருந்து மெல்லப் பிரித்து வைத்தாள்.

பானு அழுதாள். ஜெயசீலி அழவில்லை. உயிரோடு இருக்கிறார், அது தெரிந்துவிட்டது. எங்கேயோ சோறு தின்கிறார், பஸ் ஏறுகிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று ஞாபகம் வைத்திருக்கிறார். அவளோடு பேச வேண்டும் என்று அவர் ஒருநாளும் கூப்பிடவில்லை. அவள் இல்லாத வீட்டில் மணி அடிப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எந்த மாதிரி மனுஷன் இவன் என்று பானு பொருமினாள். கையில் கிடைத்தால் செருப்புக் கடையில் இருக்கிற அத்தனை செருப்பாலும் அடித்திருப்பாள்.

சாயங்காலம் ஜெயசீலியே போனைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மோடத்தைத் திருப்பி மாட்டிரு பானு. அந்த செட்டிங்கையும் போட்டுரு."

"எதுக்குக்கா? போனே இருக்கட்டுமே. அடுத்த வாரம் எடுத்து நாலு கேள்வி கேளுங்க. நான் கூட இருக்கேன்."

"நான் எடுத்தா வைச்சுடுவார். வீட்டுல ஆள் இல்லைன்னு அவருக்குத் தெரியணும். அப்பதான் கூப்பிடுவார். நான் சர்ச்சுக்குப் போயிடறேன். வந்து பாத்தா ஆன் ஆகியிருந்தா போதும். உயிரோட இருக்கார்னு அந்த வாரத்துக்குத் தெரிஞ்சுக்குவேன்."

பானு அவளோடு கிளம்பிப் போனாள். மோடத்தை மாட்டினாள். செட்டிங்கைப் போட்டாள். தன் செல்லிலிருந்து அந்த நம்பரை அடித்துச் சோதித்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது.

ஆனால் அவர் கூப்பிடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். எட்டாவது வாரம் வந்தபோது ஜெயசீலிக்கு டைப் அடிக்கிற கை ஓய்ந்துவிட்டிருந்தது. புராஜெக்ட் பிள்ளைகள் வேறு இடம் தேடிப் போனார்கள். அன்றைக்கு எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருக்கக் கூடாது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போனைக் கொண்டுபோய் மாட்டியது யார்? பானுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு காலை ஜாபர் கடைக்குப் போனதும் பானு ஒரு முடிவுக்கு வந்தாள். பொய்தான். பாவம்தான். அல்லா மன்னிக்கட்டும். அந்த நம்பருக்கு ஒரு மணி அடித்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். சர்ச் விட்டு வருகிற ஜெயசீலி அதைப் பார்த்துவிட்டு நாலு வாய் சாப்பிடுவாள். யார் அடித்தது என்று கம்ப்யூட்டர் சொல்லவா போகிறது? அந்த வீட்டில் போன் கிடையாது, எடுப்பதற்கு ஆள் கிடையாது, ஜெயசீலி ஆராதனையில் இருக்கிறாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால். கதவைச் சாத்திவிட்டு நம்பரை அடித்துக் காதில் வைத்தாள். மணி போகவில்லை. பீப், பீப், பீப் என்று எங்கேஜ்டு டோன் வந்தது.

தப்பாக அடித்துவிட்டோம் என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து மறுபடி அடித்தாள். எங்கேஜ்டுதான். யாருமே இல்லாத, போனே இல்லாத அந்த வீட்டு லைனில் இன்னொருத்தர் மணி அடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி வரும். பானு போனை வைத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, சர்ச் விடுவதற்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று எண்ண ஆரம்பித்தாள்.